சர்டிபிகேட் வயது

இன்னும் கூப்பிடவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் பெஞ்சுகளில் இருக்கிற முதுகுகள் ஒன்றாக நிமிர்கின்றன, டவாலி யாருடைய பெயரையோ மூன்று முறை கூவிவிட்டு உள்ளே போகிறான், முதுகுகள் பழையபடி கூன் விழுகின்றன. என் முதுகு விழாது. விழ விடமாட்டேன். மில் கேட்டில் வெயிலிலும் லத்தியிலும் நின்ற முதுகு, குடும்ப நீதிமன்றத்து மர பெஞ்சுக்கா வளையும், அதுவும் எதிர் பெஞ்சில் அவன் உட்கார்ந்திருக்கும்போது. நாச்சிமுத்து. புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்கிற ஊரில் கல்யாணமான மறுவாரமே மைக்கில் சொன்னவள் நான், 'அடுத்து தோழர் நாச்சிமுத்து பேசுவார்' என்று. இப்போது தோழரும் இல்லை, புருஷனும் இல்லை. மனுதாரர். நான் எதிர்மனுதாரர். காகிதத்தில் அப்படித்தான் அடித்திருக்கிறது, தெய்வாத்தாள், வயது ஐம்பத்திரண்டு, எதிர்மனுதாரர். பக்கத்தில் பாப்பா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முணுமுணுக்கிறாள், ரைட் ஏட்ரியம், ரைட் வென்ட்ரிக்கிள், அப்புறம் நுரையீரல், அப்புறம் லெஃப்ட் ஏட்ரியம். நர்சிங் இரண்டாம் வருடம். நாளைக்குப் பரீட்சை. நான் வெண்மணி என்று பெயர் வைத்தேன், அவன் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை, பாப்பா பாப்பா என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அது ஒட்டிவிட்டது, ஒரு வீட்டில் ஜெயித்தவன் யார் என்பது இப்படித்தான் தெரியும் போலிருக்கிறது. மடியில் துணிப்பை. மாநாட்டுப் பை, எழுத்தெல்லாம் சலவையில் போய் 'வெல்க' மட்டும் மிச்சம். பைக்குள் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், கேஸ் கட்டு, கட்டுக்கு அடியில் இரண்டு காகிதம். ஒன்றில் பாப்பா கையெழுத்துப் போட வேண்டும். இன்னொன்றை நான் நீதிபதியிடம் நீட்ட வேண்டும். இரண்டில் ஒன்றுதான். எது என்று ஐந்து நாளாகத் தெரியவில்லை, இன்னும் அரை மணியில் தெரிந்தாக வேண்டும்.

ஐந்து நாளுக்கு முன்னால் வக்கீல் ஷகிலா சொன்னது காதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. ரப்பர் பேண்டைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "அக்கா, பழைய ஆர்டர்லயே இருக்குது. மைனர் குழந்தைக்குன்னு. பதினெட்டு முடிஞ்சா முடிஞ்சுது. படிக்கறா, இன்னும் மூணு வருசம் இருக்குதுங்கறதெல்லாம் அந்தச் செக்சன்ல வராதுக்கா." வராது. பதினெட்டாவது பிறந்தநாள் அன்று காலையில் பசி நின்றுவிடும், விடுதிக் கட்டணம் நின்றுவிடும், பிள்ளை ராத்திரி மைனராகப் படுத்து விடியும்போது மேஜராக எழுந்து தன் சோற்றைத் தானே சம்பாதிக்கப் புறப்பட்டுவிடும் என்று எந்த மகராசன் எழுதினானோ. நான் மேசையைத் தட்டியிருப்பேன். தட்ட விடாமல் அடுத்ததைச் சொன்னாள். "வேற சட்டத்துல வழி இருக்குது. பொம்பளப் பிள்ளை, கல்யாணம் ஆகற வரைக்கும் அப்பங்கிட்ட பராமரிப்புக் கேக்கலாம். ஆனா அவதான் கேக்கோணும். நீங்க கேக்க முடியாது." நீங்க கேக்க முடியாது. இந்த ஊரில் எத்தனை பெண்களுக்கு நான் கேட்டிருக்கிறேன், புருஷன் விட்டுப்போனவளுக்கு, பி.எஃப். வராதவளுக்கு, செத்த மகனின் கூலி வராதவளுக்கு, கலெக்டர் அறைக்குள் செருப்போடு போய்க் கேட்டிருக்கிறேன், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்து மிச்சப் படிப்பு முழுக்கத் துண்டறிக்கைகளில் படித்தவள், எனக்கு ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டு நீங்க கேக்க முடியாது. ஷகிலா மேல் தப்பில்லை. நல்ல பெண். காசு வாங்குவதில்லை. வக்காலத்து ஒன்றை அச்சடித்து, பாப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தாள். அந்தப் பெருக்கல் குறி ஐந்து நாளாகப் பைக்குள் கிடக்கிறது. பாப்பாவிடம் சொல்லவில்லை. இவள் மேஜரானதும் போடுகிற முதல் கையெழுத்து அப்பனிடம் கேட்கிற காகிதத்திலா. 'நாம் கேட்பது பிச்சையல்ல' என்று எத்தனை நோட்டீஸுக்குத் தலைப்பு எழுதியிருக்கிறேன், ஊருக்கெல்லாம் பிச்சையில்லாதது என் பிள்ளைக்கு வரும்போது மட்டும் ஏன் நாக்கில் கசக்கிறது. கசக்கிறது அதனால் இல்லை. எதனால் என்று எனக்குத் தெரியும். அதை அப்புறம் பார்க்கலாம்.

அவன் ஒரு மாதமாவது தவறியிருக்கலாம். அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. பதினோரு வருடம், ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி, பணம் வந்தது. அவனுடைய கிரைண்டர் பட்டறை தீப்பிடித்த மாதம் வந்தது. இரண்டாம் பெண்டாட்டிக்குக் குடல் ஆபரேஷன் ஆன மாதம் வந்தது. பாக்கி வைத்தவனோடு சண்டை போடத் தெரியும் எனக்கு, ஒழுங்காகக் கட்டுகிறவனை என்ன செய்வது, வெறுப்பதற்குக்கூட ஆதாரம் கொடுக்காத மனுஷன். இப்போது நிறுத்தக் கேட்டு மனுப் போட்டிருக்கிறானே என்று மனசு ஒரு நிமிஷம் துள்ளியது, பார்த்தாயா, கருங்காலி கருங்காலிதான் என்று. ஆனால் போன வாய்தாவில் கவுன்சிலிங் அறையில் அவன் என்ன சொன்னான். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே சொன்னான். "கோர்ட்டுக்குக் கட்டுனது போதுங்க மேடம். பாப்பா வந்து எங்கிட்ட வாய் தொறந்து கேக்கட்டும். படிப்பு முடியற வரைக்கும் குடுக்கறனுங்க. ஒருக்கா வந்து கேக்கட்டும்." கேட்கட்டுமாம். கவுன்சிலிங் அம்மாள் என்னைப் பார்த்து, "நியாயமாத்தானே சொல்றாரு" என்றாள். நான் சொன்னேன், "எங்க முதலாளியும் நியாயமாத்தான் சொல்வாருங்க, சங்கம் வேண்டாம், ஒவ்வொருத்தரா வந்து கேளுங்கன்னு." சிரித்தாளா, எழுதினாளா, நினைவில்லை. பாப்பா அன்றைக்கு வரவில்லை. வந்திருந்தால் எழுந்து அந்தப் பக்கம் போயிருப்பாளோ. இந்த வராந்தா எத்தனை அகலம், ஆறடி இருக்குமா. மில் கேட்டுக்கும் ரோட்டுக்கும் அவ்வளவுதான் இருக்கும், அந்த ஆறடியைத் தாண்டித்தான் ஒருவன் கருங்காலி ஆனான்.

லெஃப்ட் வென்ட்ரிக்கிள், அயோர்ட்டா. வாயை அசைத்து அசைத்துச் சொல்கிறாள். ஒன்றாம் வகுப்பிலும் இப்படித்தான், வாயசைக்காமல் படிக்க வராது. அந்த ஒன்றாம் வகுப்பு. பைக்குள் கிடக்கிற இரண்டாவது காகிதத்துக்கு வந்துவிட்டேன், வரக்கூடாது என்று நினைத்தேன். இவளுக்குப் பதினெட்டு ஆகவில்லை. அதுதான் விஷயம். சர்டிபிகேட்டில் ஜூன் மூன்றாம் தேதி தொண்ணூற்று நான்கு. நிஜத்தில் இவள் பிறந்தது அதற்கடுத்த வருடம். இன்றைய தேதிக்குப் பதினேழும் சொச்சமும். நான்தான் மாற்றினேன். நானே மாற்றினேன் என்றுகூட இல்லை, எல்லாரும் மாற்றுவதுதான், கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதம் போய் நின்றால் பாதிப் பிள்ளைகளுக்கு மே கடைசியிலும் ஜூன் முதலிலும்தான் பிறந்தநாள். பாப்பாவுக்கு அப்போது நாலு வயது முடிந்து இரண்டு மாதம். எனக்குப் பகலெல்லாம் சங்க அலுவலகம், மில் மூடிவிட்டார்கள், பட்டுவாடா போராட்டம், பிள்ளையை எங்கே விடுவது. ஹெட்மாஸ்டர் மூக்குப்பொடி போட்டுக்கொண்டு கேட்டார், "அஞ்சு வயசு முடிஞ்சுதாங்க?" நான் சொன்னேன், "முடிஞ்சுதுன்னு போடுங்க." "பர்த் சர்டிபிகேட்டு?" "எடுக்கலைங்க." "அப்ப ஜூன் மூணுன்னு போட்டுரட்டுங்களா? ஞாபகம் வெச்சுக்க லேசா இருக்கும்." அவ்வளவுதான். அன்றைக்கு அவர் போட்ட அந்தப் பேனாக் கோடு பதின்மூன்று வருடம் கழித்து என் பிள்ளையின் சோற்றில் வந்து நிற்கிறது. அதிலும் கேவலம், ஜீவனாம்ச வழக்குப் போடும்போது வயதுக்கு ஆதாரம் என்று அந்தப் பள்ளிச் சான்றிதழை நானே தாக்கல் செய்தேன். எனக்கு ஒன்றும் வேண்டாம், பிள்ளைக்கு மட்டும் போதும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு, பிள்ளையின் பொய் வயதை நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வயதைக் கூட்டினால் என்ன ஆகும் என்று அப்போது யோசித்தது ஒன்றே ஒன்று, ரிட்டயர்மெண்ட் ஒரு வருடம் முன்னால் வரும், அதனாலென்ன, அதற்குள் ஐம்பத்தைந்து வருடத்தில் உலகமே மாறியிருக்கும் என்று நினைத்தேன். உலகம் மாறவில்லை. தேதி மட்டும் மாறியிருந்தது.

நிஜ வயதை நிரூபித்தால் இன்னும் பத்து மாதம் மைனர். பத்து மாதத்துக்குப் பணம் வரும், அதற்குள் இரண்டாம் வருடம் முடியும். நிரூபிக்க ஒரே ஒரு அச்சடித்த காகிதம் உலகத்தில் இருக்கிறது, அது என்னிடம் இருக்கிறது. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். ரோஸ் நிறக் காகிதம், ஒரு பக்கம் அச்சு, மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது. தொண்ணூற்றைந்தில் நாங்கள் போட்ட நோட்டீஸ். நான் எழுதினேன். 'மே தினத்தில் பிறந்தாள் ஒரு தொழிலாளியின் மகள். கேட்டில் கைது செய்யப்பட்ட நமது தோழர் தெய்வாத்தாள், காவல் நிழலில் அரசு மருத்துவமனையில் பெண் மகவை ஈன்றார்.' படித்தவர்கள் அழுதார்கள். சுவரில் ஒட்டினோம். கீழே பாதிப் பக்கத்துக்கு ஒரு பட்டியல், வேலைநிறுத்தத்தை முறித்து நன்னடத்தைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு உள்ளே போனவர்கள், பதினான்கு பெயர், ஏழாவது பெயர் நாச்சிமுத்து, ஃபிட்டர். என் புருஷன் பெயரை நானே அச்சுக்குக் கொடுத்தேன். சித்திரை ஒன்று முடிந்த மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டிருந்தான். ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் ஓரத்தில் நின்றான். கையில் பால்பவுடர் டப்பா. "பாப்பாவுக்குப் பால் பத்தலைன்னு நர்சம்மா சொல்லுச்சு. அதான்" என்றான். அதான் என்றதோடு நிறுத்திவிட்டான். நான் அந்த டப்பாவை வாங்கவில்லை. டப்பா கட்டிலுக்கு அடியில் கிடந்தது, நான் ஊருக்குப் போகும்வரை கிடந்தது, பெருக்குகிறவள் எடுத்துக்கொண்டாள். பிள்ளை ராத்திரியெல்லாம் அழுதது. இப்போதும் பால்பவுடர் விளம்பரம் பார்த்தால் நெஞ்சில் ஏதோ சுருக்கென்று கட்டிக்கொள்கிறது, அப்போது கட்டியது போலவே. அந்தக் கையெழுத்துக்காகத்தான் அவள் அப்பனைவிட்டு வந்தேன் என்று பாப்பாவுக்குத் தெரியும், டப்பாவைச் சொன்னதில்லை.

நோட்டீஸை நீட்டினால் நீதிபதி படிப்பார், மே ஒன்று தொண்ணூற்றைந்து. அப்புறம் கேட்பார், அப்படியானால் பள்ளியில் கொடுத்தது என்னம்மா? பொய்யுங்க. இந்தக் கோர்ட்டில் தாக்கல் செய்தது? அதுவும் பொய்யுங்க. இருபத்திரண்டு வருட சங்க வாழ்வில் ஒரு ரசீது பொய்யாக எழுதாதவள். சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், உள்ளே போடு என்பேன், போகாத இடமா. ஆனால் பாப்பாவின் சீட். நர்சிங் சேர அந்த வருடம் பதினேழு முடிந்திருக்க வேண்டும். நிஜத்தில் பதினாறு. மூன்றாவது வரியில் எழுதியிருந்தது, நானே விண்ணப்பத்தில் படித்தேன். வயது பொய் என்று ஒரு காகிதம் கோர்ட்டில் ஏறினால் அது காலேஜுக்குப் போக எத்தனை நாளாகும், எதிர் பெஞ்சில் அவனுடைய வக்கீல் பையன் செல்போனைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு அரை நாள் போதும். பத்து மாதச் சோற்றுக்காக நாலு வருடப் படிப்பை எரிப்பதா. தெரிகிறது. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் ஏன் இதைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வெயில் வராந்தாவுக்குள் வந்துவிட்டது. பாப்பாவின் முழங்கால் வரை. அவள் என் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறாள். இதற்காகத்தான். மைனர் என்றால் அவள் என் பக்கத்து பெஞ்சு. இன்னும் பத்து மாதம் அவளுக்காக நான் கேட்பேன், நான் பதில் சொல்வேன், கூப்பிடும்போது என் பெயரைக் கூப்பிடுவார்கள். மேஜர் என்றால் வழக்கு அவளுக்கும் அவனுக்கும். நான் நடுவில் யார். அப்பனும் மகளும் பேசிக்கொள்வார்கள். பேசினால் அவன் சொல்லிவிடுவான். அதைச் சொல்லிவிடுவான். பால் டப்பாவை அல்ல, அதைவிடக் கேவலமானதை.

நோட்டீஸில் இருப்பதும் பொய். மே ஒன்றாம் தேதி இவள் பிறக்கவில்லை. பிறந்தது ஏப்ரல் பதினொன்று. அச்சுக்குக் கொடுக்கும்போது பிள்ளைக்கு மூன்று வாரம், என் மடியில்தான் கிடந்தது. அச்சுக் கோர்க்கிற சுப்பிரமணி எழுத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். "ஏனுங்க்கா, பாப்பா போன மாசமே பொறந்துருச்சுங்களே?" நான் சொன்னேன், "பேசாமக் கோர்றா. மே ஒண்ணுன்னாத்தான் படிக்கறவனுக்கு ரத்தம் சூடாகும்." சூடானது. அப்புறம் அதை மாற்ற முடியவில்லை. ஒவ்வொரு மே ஒன்றுக்கும் கொடியேற்றி முடித்ததும் தோழர்கள் பாப்பாவைத் தூக்கி மிட்டாய் கொடுத்தார்கள், அவளும் தன் பிறந்தநாளுக்குத்தான் ஊரே ஊர்வலம் போகிறது என்று நினைத்து வளர்ந்தாள், சர்டிபிகேட்டில் ஒன்று நிஜத்தில் ஒன்று என்று சிநேகிதிகளிடம் பெருமையாகச் சொல்வாள். அவளுக்கு இரண்டு பிறந்தநாள். எனக்குத் தெரிந்து மூன்று. மூன்றாவதை நினைவு வைத்திருந்தவன் ஒருவன்தான். ஒவ்வொரு ஏப்ரல் பதினொன்றுக்கும் முழுப்பரீட்சை நேரத்தில் பள்ளிக்கூட கேட்டில் வந்து நிற்பான், கையில் பேக்கரிப் பொட்டலம், தேங்காய் பன். கொடுத்துவிட்டு, "நல்லாப் படி கண்ணு" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் போய்விடுவான். பிறந்தநாள் என்று வாயைத் திறந்து சொன்னதில்லை, நான் என்ன சொல்லி வளர்க்கிறேன் என்று தெரியாதே, பிள்ளை குழம்பிவிடும் என்று விட்டிருப்பான். அப்படி விடுகிற புத்தி அவனுக்கு. ஐந்தாவது படிக்கும்போது பாப்பா பன்னைத் தின்றுகொண்டே கேட்டாள், "ஏம்மா, அப்பா பரீட்சைக்கு வர்றாரு, பொறந்தநாளுக்கு வர மாட்டேங்கறாரு?" நான் கூலிக்குத் தைக்கிற துணியைத் தையல் மெஷினுக்கு அடியில் தள்ளிக்கொண்டே சொன்னேன். "உங்கொப்பனுக்குப் பெத்த பிள்ளை பொறந்த தேதிகூட ஞாபகமில்லை." சொன்னேன். மெஷின் சத்தத்துக்கு மேலே சொன்னேன். அவள் மிச்சப் பன்னை நாய்க்குப் போட்டாள். அதற்கப்புறம் அவன் கொடுக்கும்போதெல்லாம் வாங்கிக்கொண்டு வந்து யாருக்காவது கொடுத்துவிடுவாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷமாகத்தான் இருந்தது. பதினான்கு பேர் பட்டியலில் ஏழாவது பெயருக்கு இது போதாது என்றுகூடத் தோன்றியது. ரைட் ஏட்ரியம், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

எழுந்துவிட்டான். ஆறடியைத் தாண்டி வருகிறான். நடையில் ஒரு பக்கம் சாய்வு, பட்டறையில் காலில் கிரைண்டர் கல் விழுந்ததாகச் சொன்னார்கள். கையில் பொட்டலம். இன்றைக்கு ஏப்ரல் இல்லை, ஜூலை, இன்றைக்கென்ன. "பாப்பா, சாப்புட்டியா கண்ணு?" "ம்." "டீக்கடையில ஒண்ணுமில்ல. பேக்கரில வாங்கினேன். உங்கம்மாவுக்கும் சேத்துத்தான்." என்னைப் பார்க்கவில்லை. நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் 'எச்சில் துப்பாதீர்' எழுதியிருக்கிறது. "நாளைக்குப் பரீட்சைங்கப்பா, இங்க வந்து உக்கார வெச்சுட்டீங்க" என்றாள் பாப்பா, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். அவன் முகம் விழுந்தது. "நான் உன்னை வரச் சொல்லல கண்ணு. எங்கிட்ட ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தான். இதோ சொல்லப் போகிறான். சொல்லவில்லை. பொட்டலத்தைப் பெஞ்சில் எனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தான். எண்ணெய் காகிதத்தில் ஊறி வட்டமாகப் பரவுகிறது. அவள் தொடவில்லை. நானும் தொடவில்லை.

"அக்கா!" ஷகிலா மாடிப்படியில் ஓடி வருகிறாள், கறுப்புக் கோட்டு ஒரு கையில் மாட்டியும் மாட்டாமலும். "நம்முது அடுத்ததுக்கு அடுத்தது. வக்காலத்துல பாப்பா கையெழுத்து வாங்கிட்டீங்களா? இன்னைக்கே புது மனுவைப் போட்டுட்டா இதோட சேத்துக் கேட்டுரலாம்." கேட்டுவிட்டாள், எல்லோர் முன்னாலும். பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "என்ன வக்காலத்து?" என்றாள் பாப்பா. ஷகிலா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "அக்கா, இன்னும் சொல்லலையா நீங்க?" அப்புறம் அவளே சொன்னாள், கோட்டின் இரண்டாவது கையை மாட்டிக்கொண்டே, நாலு வரியில், பதினெட்டு, மேஜர், வேறு சட்டம், நீதான் கேட்கணும் கண்ணு, கல்யாணம் ஆகற வரைக்கும் உனக்கு உரிமை இருக்கு. "அப்ப அப்பா சொன்ன மாதிரி நேர்ல போய்க் கேட்டா?" "கேக்கலாம். குடுத்தாலும் குடுப்பாரு. நிறுத்துனா அப்ப என்ன பண்ணுவே?" பாப்பா யோசித்தாள். நான் அந்த ஆறடியைப் பார்த்தேன். யோசித்துவிட்டுக் கையை நீட்டினாள். "குடும்மா." நான் கொடுக்கவில்லை. "ஏம்மா, ஊர்ல இருக்கற பொம்பளைங்களுக்கெல்லாம் வீட்டுக்கே போய் எழுதிக் குடுப்ப. எனக்கு மட்டும் பையில ஒளிச்சு வெப்பியா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவிகூடச் சிரித்தாள். பையைத் திறந்தேன். கேஸ் கட்டுக்கு அடியில் கை போனது. விரல் முதலில் தொட்டது பிளாஸ்டிக் உறையைத்தான்.

வக்காலத்தை எடுத்துக் கொடுத்தேன். நோட்டின் மேல் வைத்து, பென்சில் பெருக்கல் குறியைக் கண்டுபிடித்து, பேனாவை வைத்தாள். பேனா எழுதவில்லை. உதறினாள், ஊதினாள், உள்ளங்கையில் தேய்த்தாள். "நோட்டுல கிறுக்க வேண்டாம், நாளைக்கு மிஸ் பார்ப்பாங்க. வேஸ்ட்டுப் பேப்பர் ஏதாச்சும் குடும்மா." இவள் எழுத்துப் படித்ததே நோட்டீஸின் பின்பக்கத்தில்தான். சங்கத்தில் ஒரு பக்க அச்சு மிஞ்சினால் வீணாக்க மாட்டோம், பால் கணக்கும் பின்பக்கம், கூட்டக் குறிப்பும் பின்பக்கம், இவள் அ எழுதியதும் பின்பக்கம். உறையிலிருந்து அந்த ரோஸ் காகிதத்தை எடுத்தேன். கிழியாமல் எடுத்தேன். மடிப்பைப் பிரித்து, அச்சு கீழே இருக்கும்படி அவள் நோட்டின் மேல் வைத்தேன். அவள் வட்டமாகக் கிறுக்கினாள், மை வரவில்லை, வெறும் பள்ளம் விழுந்தது, மறுபடி சுற்றினாள், திடீரென்று நீலம் வந்தது. தன் பெயரை ஒரு தரம் எழுதிப் பார்த்தாள். அப்புறம் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டாள். வயது என்ற இடத்தில் பதினெட்டு என்று போட்டாள். போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள், எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் போல. "சர்டிபிகேட் வயசு" என்றாள் மெதுவாக. "நெசத்துக்கு மே ஒண்ணு வந்தாத்தான் பதினெட்டு." ஷகிலா காகிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

கதவு திறந்தது. முதுகுகள் நிமிர்ந்தன. எங்களை இல்லை, வேறு யாரோ. அடுத்தது நாங்கள். அடுத்த தரம் அந்தக் கதவு திறக்கும்போது இவள் அவனோடு ஒரே வாசலில் நுழைவாள். அவன் சொல்லலாம். சொல்லாமலும் இருப்பான், இத்தனை வருடம் இருந்தவன்தானே, சாகும்வரைகூட இருப்பான். இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஹெட்மாஸ்டர் செத்துவிட்டார், சுப்பிரமணிக்குக் கண் தெரியவில்லை. அவள் ரோஸ் காகிதத்தைத் திருப்பிப் பார்க்கப் போனாள். நான் அதன் மேல் கையை வைத்தேன். "மே ஒண்ணு இல்லை" என்றேன். எனக்கே கேட்கவில்லை. கூட்டத்தில் மைக் இல்லாமல் பேசுகிற தொண்டை, அது எங்கே போனது. "என்னம்மா?" "நீ பொறந்தது மே ஒண்ணு இல்லை. நோட்டீசுக்காக நான் மாத்திப் போட்டேன்." "என்னம்மா சொல்ற?" "ஏப்ரல் பதினொண்ணு. செவ்வாக்கிழமை. காலையில நாலரை மணி."

அவள் வாய் மட்டும் அசைந்தது, பாடம் படிக்கிற மாதிரி, சத்தமில்லாமல், ஏப்ரல் பதினொண்ணு. வருடங்களைப் பின்னோக்கி எண்ணுகிறாள் என்று தெரிந்தது, பத்தாவது, எட்டாவது, ஐந்தாவது. என் கையை விலக்கவில்லை. கீழே பெஞ்சில் இருந்த எண்ணெய்ப் பொட்டலத்தைப் பார்த்தாள். எதிர் பெஞ்சைப் பார்த்தாள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அப்ப" என்றாள், "அந்த பன்னு..."

கதவு திறந்தது. டவாலி முதல் தரம் கூப்பிட்டான்.